ஊசிக்கு நான் எழுதிய காரணம்

1

இந்தக் கதை ஒரு விண்ணப்பக் கடிதத்தில் நான் சேர்த்த ஒரே ஒரு வாக்கியத்தால் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிவழியில் நீங்களே கண்டுபிடித்து என்னைத் திட்டுவதைவிட இது மேல்.

விருத்தாசலம் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு எழுதித் தருவேன், தட்டச்சு செய்வேன், ஆன்லைனில் ஏற்றிக் கொடுப்பேன். மீதி நேரத்தில் சிறுகதை. இரண்டு தொகுப்புகள் வந்திருக்கின்றன. பெரும்பாலான பிரதிகள் என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கின்றன.

அந்த வாக்கியம் இதுதான்: "ஒன்பது ஆண்டுகளாக ஒரு மழலைக் குரலுக்காக ஏங்கிக் கிடக்கும் எங்கள் இல்லத்தில் இச்சிகிச்சை ஒன்றே விளக்கேற்ற வல்லது."

இப்போது படித்தால் கூசுகிறது. எழுதிய அன்று எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். அவ்வளவு திருப்தி.

2

தொடக்கம் ஒன்று: சூளையின் அனலில் திலீபனின் முகம் (வேண்டாம். சூளையில் வேலை பார்ப்பவன் என்றால் முகம் அனலில் சிவந்தே ஆகவேண்டுமா? நான் அவனைப் பார்க்கும்போதெல்லாம் செல்போனில் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பான்.)

தொடக்கம் இரண்டு: ஆண்மை என்பது எது? (இதை எழுதிய கையை ஒடிக்கவேண்டும்.)

தொடக்கம் மூன்று. அலங்காரம் கிடையாது. திலீபனுக்கு முப்பத்தாறு வயது. என்னோடு பத்தாவது வரை படித்தவன். பீங்கான் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டை செய்யும் ஒரு கம்பெனியில், சுடவேண்டிய சரக்கைத் தட்டுத் தட்டாகச் சூளைக்குள் அடுக்குகிறவன். மூன்று வருடத்துக்கு முன் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்தது. புதுச்சேரியில் அறுவை செய்து எடுத்தார்கள். பிழைத்தான். ஆனால் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனைச் சுரக்கச் சொல்லி உடம்புக்கு உத்தரவு கொடுப்பது அந்தச் சுரப்பிதான். உத்தரவு நின்றுபோனது. நாலு படி ஏறினால் உட்கார இடம் தேடினான். எலும்பு மெலிந்தது. போன தை மாதம் ஒரு தட்டைத் தூக்கும்போது இடது மணிக்கட்டு முறிந்தது. வழுக்கி விழவில்லை, எதிலும் இடிக்கவில்லை. தூக்கினான், முறிந்தது.

டாக்டர் ஆயுள் முழுக்க, மூன்று மாதத்துக்கு ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி எழுதினார். முதல் ஊசியை எப்படியோ புரட்டிப் போட்டுக்கொண்டார்கள். அதற்குமேல் அவர்களால் முடியாது. அவன் மனைவி தமிழினி ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் கிளையில் வேலை செய்கிறாள். அவளுடைய அலுவலகம் எடுத்துத் தந்த மருத்துவக் காப்பீட்டில் கணவனும் உண்டு, ஆஸ்பத்திரியில் படுக்காமல் எடுக்கும் சிகிச்சையும் உண்டு. விண்ணப்பித்தார்கள். காப்பீட்டு நிறுவனம் ஒரே ஒரு கேள்வி கேட்டது: இந்த ஊசி எதற்காக?

அந்தக் கேள்வியைத்தான் தமிழினி என் கடைக்குக் கொண்டுவந்தாள்.

* மருந்துக்கடையில் அதற்குப் பெயர் 'ஆம்பள ஊசி'. கடைக்காரர் அதை உள்ளே இருக்கும் பையனுக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லித்தான் எடுத்துவரச் சொல்வார். இதைக் கதையில் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இங்கேயே கிடக்கட்டும்.

3

பதில் அவள் கொண்டுவந்த ஃபைலிலேயே இருந்தது. அறுவை செய்த அறிக்கை, எலும்பு ஸ்கேன். கட்டியை எடுத்ததால் சுரப்பு நின்றது, ஊசி இல்லாவிட்டால் எலும்பு முறியும். இரண்டு வரி போதும். எனக்கு அது வறட்சியாகப் பட்டது. படிக்கிறவர் நெஞ்சு இளகவேண்டாமா? கல்யாணமாகி ஒன்பது வருடமாக அவர்களுக்குக் குழந்தை இல்லை என்று தெரியும். யாரையும் கேட்கவில்லை. சேர்த்துவிட்டேன்.

தமிழினி படித்தாள். அந்த வரிக்கு வந்ததும் அவள் கண்கள் (நான் அவள் கண்களைப் பார்க்கவில்லை. பிரிண்டரில் பேப்பர் சிக்கியிருந்தது, அதை இழுத்துக்கொண்டிருந்தேன்.)

"இது இருக்கட்டுங்களா அண்ணே?"

"இதுதாம்மா கடிதத்துக்கு உயிரே."

"அப்ப இருக்கட்டும்."

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. மலட்டுத்தன்மைக்கும் குழந்தைப்பேறுக்குமான சிகிச்சைகளுக்குப் பாலிசியில் இடமில்லை. நோக்கம் அதுவே என்று கடிதத்தின் மூன்றாம் பத்தியில் விண்ணப்பதாரரே கூறியிருக்கிறார். எனவே நிராகரிக்கப்படுகிறது.

பதினைந்து வருடமாக எழுதுகிறேன். என் வாக்கியம் ஒன்றை அவ்வளவு கூர்ந்து படித்தவர் அந்த முகம் தெரியாத அலுவலர் ஒருவர்தான்.

கடிதம் போனதும் பதில் வந்ததும் அலுவலக மெயிலில். கிளை மேலாளர் நந்தகுமார் தமிழினியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "கவலப்படாதம்மா, நல்லூர் பக்கம் ஒருத்தரு இதுக்கு மருந்து குடுக்கறாராம்" என்று சொல்லியிருக்கிறார். உதவி செய்வதாகத்தான் நினைத்திருப்பார். மறுநாள் மதியம் அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாளாம்.

4

இங்கே என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. நான் வழக்கமாக எழுதும் கதை என்றால் திலீபன் இந்த இடத்தில் உடைந்து அழுவான். நிஜத் திலீபன் மாவுக்கட்டுக் கையோடு கடைக்கு வந்து என் ஸ்டூலை உதைத்தான்.

"புள்ளைக்காகன்னு உங்கிட்ட எவன்டா சொன்னான் வளவா?"

"படிக்கறவன் மனசத் தொடட்டும்னு எழுதினேன்டா."

"தொட்டுதா? வந்து நீயே தட்டு தூக்கு."

உதைத்த ஸ்டூலை அவனே நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தான். பிறகு குரலை இறக்கிச் சொன்னான். "இந்த ஊசி போட்டா, இருக்கற கொஞ்சநஞ்ச வாய்ப்பும் போயிடும்டா. டாக்டரு மொதல்லயே சொல்லிட்டாரு. புள்ள வேணும்னா அதுக்கு வேற ஊசி இருக்குது, வருசக்கணக்குல போடணும், அப்பவும் உறுதியில்லன்னாரு. இதுவே போதுங்கன்னு நான்தான் சொன்னேன். வேலைக்குப் போவணும்ல."

"தமிழினிக்குத் தெரியுமா?"

அவன் மாவுக்கட்டின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான். (இங்கே ஒரு வாக்கியம் எழுதி அடித்துவிட்டேன். 'மௌனம்' என்ற சொல் இருந்தது.)

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'இருக்கட்டும்' என்று அவள் சொன்னது என் எழுத்தின் அழகுக்காக அல்ல. ஊசி போட்டால் குழந்தை வரும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அவளைப் பொறுத்தவரை நான் எழுதியது உண்மை.

5

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் அவகாசம். அந்த வாக்கியம் எழுதிக் கொடுத்தவனின் கற்பனை என்று என் பெயரிலேயே ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காப்பீட்டு நிறுவனம் விடவில்லை. இரண்டு கடிதங்களில் எது உண்மை? டாக்டரின் சான்று வேண்டும், சிகிச்சை குழந்தைப்பேறுக்காக அல்ல என்று கணவன் மனைவி இருவரும் எழுத்தில் உறுதி தரவேண்டும்.

டாக்டர் என்னைப்போல் இல்லை, சுருக்கமாக எழுதத் தெரிந்தவர். "இச்சிகிச்சை குழந்தைப்பேறுக்கானது அல்ல. விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடக் கூடியது. இது நோயாளிக்கு விளக்கப்பட்டு, அவர் சம்மதத்துடன் தொடங்கப்பட்டது." சம்மதம் தந்த தேதியும் இருந்தது.

இருவரும் புதுச்சேரி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கடைக்கு வந்தார்கள். திலீபன் எதிர் டீக்கடையிலேயே நின்றுகொண்டான். தமிழினி மட்டும் உள்ளே வந்து ஃபைலை நீட்டினாள்.

(மாற்று ஒன்று: அவள் சான்றைக் கிழித்துப்போடுகிறாள். மாற்று இரண்டு: வெளியே ஓடி அவன் சட்டையைப் பிடித்து. மாற்று மூன்று: அவள் படிப்பதற்குள் நான் சான்றை வாங்கி ஒளித்துவிடுகிறேன். நிஜத்தில் மூன்றாவதைச் செய்யத்தான் கை நீட்டினேன்.)

"படிச்சிட்டேங்க அண்ணே. நெய்வேலி தாண்டறப்பவே படிச்சிட்டேன். பக்கத்துலதான் இருந்தாரு. தூங்கற மாதிரி கண்ண மூடிக்கிட்டாரு."

"நான் அந்த வரிய எழுதாம இருந்திருந்தா இதெல்லாம் வந்திருக்காதும்மா."

"எழுதலன்னா எனக்குத் தெரியாமலே போயிருக்கும். இன்னும் எத்தன வருசம் மாசாமாசம் நாளு எண்ணிக்கிட்டுக் கெடந்திருப்பனோ."

உறுதிமொழித் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை.

"கையெழுத்துப் போடலன்னா?"

"ஊசி கெடைக்காதும்மா."

"இன்னொரு கையும் ஒடியும்."

"ஆமாம்மா."

அவள் டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கோபமாகத்தான் பார்த்தாள், அதை நான் மெருகேற்ற விரும்பவில்லை. பிறகு பேனாவை வாங்கி, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "அவரையும் வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, அவன் உள்ளே வருவதற்குள் வெளியே போய்விட்டாள்.

6

இருவர் கையெழுத்தோடும் மேல்முறையீடு போய் இருபத்திரண்டு நாள் ஆகிறது. இணையதளத்தில் 'பரிசீலனையில்' என்று இருக்கிறது. கடை திறந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். அடுத்த ஊசிக்கு இன்னும் ஒன்பது நாள்.

இங்கே நான் முடிவு எழுதவேண்டும். எழுதவும் செய்தேன், மறைப்பதற்கில்லை. அதில் ஊசிக்கு அனுமதி கிடைத்தது, அவன் தட்டுத் தூக்கினான், அப்புறம் டாக்டரே வியக்கும்படி ஓர் அதிசயம், வீட்டில் ஒரு தொட்டில். நன்றாகவே வந்திருந்தது. இந்தமுறை கேட்காமல் எதையும் அனுப்பக்கூடாது என்று புத்தி வந்து, கதை முழுவதையும் தமிழினியிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். கடைசிப் பக்கத்தை மட்டும் தனியே உருவி என் மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"மத்ததெல்லாம் எப்படி வேணா எழுதிக்குங்க. இதுல எங்களுக்குப் புள்ள குடுத்துடாதீங்க அண்ணே. மறுபடியும் எதிர்பாக்க ஆரம்பிச்சிடுவேன்."

அதனால் இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு இல்லை, உங்களிடம் விடுகிறேன். அனுமதி கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், கிடைக்கவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் இருவரும் பேசிக்கொள்கிறார்களா என்பதை உங்கள் இஷ்டப்படி தீர்மானியுங்கள், எனக்கும் அது தெரியாது. அவள் என்னிடம் கேட்டதை மட்டும் உங்களிடமும் கேட்கிறேன். இளகிய மனத்தோடு அவர்களுக்கு நீங்கள் ஒரு குழந்தையைக் கொடுத்துவிடாதீர்கள்.