கட்டணம் இல்லாத பாலம்

பெரியவளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, பாத்திரம் கழுவும் சத்தம்தான் உயரும். அன்று மத்தியானம் வீட்டில் ஒரு கரண்டி மிச்சமில்லாமல் எல்லாம் இரண்டாம் தடவையாகக் கழுவப்பட்டுக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். அவளும் அவள் ஓரகத்தி சின்னவளும் வெளிநாட்டு கேம் கம்பெனி ஒன்றுக்குப் படம் வரைகிறார்கள். பெரியவள் கோடு போடுவாள், சின்னவள் வண்ணம் தீட்டுவாள். வேலை நடப்பது சாப்பாட்டு மேசையில். யாருக்குப் பசித்தாலும் இவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். ஒருமுறை யாரோ வைத்த டம்ளர் கம்ப்யூட்டர் மேல் சாய்ந்து ஒரு வாரத்து வேலை தண்ணீரோடு போயிற்று. அதைத் துடைத்துக்கொண்டே இருவரும் முடிவு செய்தார்கள், கதவுள்ள அறை ஒன்று பிடித்தே தீருவது என்று. அதற்காகச் சம்பளத்தைத் தொடாமல் சேர்த்தார்கள். தெருக்கோடியில் தையல் கடைக்கு மேலே அறையும் அமைந்தது. முன்பணத்தை இன்று சாயங்காலத்துக்குள் முழுசாகக் கொடுக்க வேண்டும். தவறினால் அறையை எடுத்துக்கொள்ள வேறு ஆள் தயார்.

சம்பளம் வருவது கிரிப்டோவில், அதாவது கம்ப்யூட்டரில் மட்டுமே புழங்குகிற காசில். அந்தக் காசின் கணக்கு இருப்பது ஒரு பிளாக்செயினில். அதை வாங்கிக்கொண்டு ரொக்கம் தருகிற கடைக்காரரோ, வேறொரு பிளாக்செயினில் வந்தால்தான் தொடுவார். இங்கிருந்து அங்கே கொண்டுபோக ‘பாலம்’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. அந்த வேலையைச் சின்னவளின் புருஷன் இழுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டான்.

வீட்டில் அவனுக்குப் பட்டப்பெயர் புரொபசர். அவனுக்கென்று ஓர் அறை. அதை ‘ஆபீஸ்’ என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளே மூன்று திரை, ஒரு சுழல் நாற்காலி. ஏறுகிற கோட்டையும் இறங்குகிற கோட்டையும் பார்த்தபடி பொழுதைக் கழிப்பான். அந்தக் கோடுகளால் வீட்டுக்கு ஒரு தீப்பெட்டி வந்ததாகக்கூட யாருக்கும் ஞாபகமில்லை.

கட்டணம் எவ்வளவு என்று காலையில் பெரியவள் கேட்கத்தான் செய்தாள்.

“பாலத்துக்குக் கட்டணம் சைபர், அண்ணி. எவ்வளவு பெருசாப் போட்டிருக்கான் பாருங்க.”

“கீழே பொடி எழுத்துல என்னமோ இருக்கே, தம்பி?”

“அதெல்லாம் உங்களுக்குப் புரியாது. விடுங்க.”

விட்டாள். அதை நினைத்துத்தான் இப்போது கரண்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் ஆபீஸிலிருந்து வெளியே வந்த புரொபசரின் முகத்தில் ஈயாடவில்லை. பணம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் மூன்றில் ஒரு பங்கைக் காணோம்.

பெரியவள் கையைத் துடைத்தாள். நேரே போய்ச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து பொடி எழுத்தை வரி வரியாகப் படித்தாள். எல்லாம் அங்கேயே இருந்தது. பணம் கிளம்புகிற இடத்தில், அந்த பிளாக்செயினை நடத்துகிற நெட்வொர்க்குக்கு ஒரு தொகை. கொஞ்சம் அனுப்பினாலும் மொத்தமாக அனுப்பினாலும் அதே தொகை, கூட்ட நேரத்தில் இன்னும் அதிகம். பாலக்காரனுக்கு அதில் பங்கில்லை, அதனால் அவன் சொன்ன சைபர் பொய்யும் இல்லை. அக்கரையில் வந்து இறங்குவது அசல் காசில்லை, அதற்கு ஈடாக அவன் கொடுக்கிற டோக்கன். அதைக் காசாக மாற்ற ஒரு பிடித்தம், மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் அக்கரை நெட்வொர்க்குக்கு ஒரு தொகை. நம் புரொபசர் நல்ல கூட்ட நேரத்தில் உட்கார்ந்து, பணத்தை நாற்பது துண்டாக்கி, நாற்பது தடவை அனுப்பி, நாற்பது தடவை மாற்றியிருக்கிறான்.

“எதுக்கு இப்படிப் பண்ணின?”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவனை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். இன்று நாக்கு வளையவில்லை.

“ஜாக்கிரதைக்குத்தான் அண்ணி. ஒரேயடியா அனுப்பி வழியில தொலைஞ்சா?”

“முதல்ல கொஞ்சம் அனுப்பிப் பார்த்தது சரி. அது வந்து சேர்ந்ததுல்ல? அப்புறமும் எதுக்குப் பொட்டலம் பொட்டலமாக் கட்டின? தடவைக்கு எவ்வளவு பிடிக்கிறான்னு ஒருதரம் பார்த்தியா?”

“கட்டணம் சைபர்னு போட்டிருந்தான்...”

“அவன் மேல எனக்குக் கோபமே இல்ல. அவன் பொடியாவாவது எழுதி வச்சிருக்கான். நான் கேட்டேன், நீ புரியாதுன்ன. ராத்திரி பகலா வரைஞ்சது நாங்க. உன் பயத்துக்குக் காசு கட்டினதும் நாங்க!”

அறையின் சொந்தக்காரர் போன் செய்தார். முழுசாக இருக்கிறதா என்றார். இல்லை என்றாள். சரிம்மா என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான், அறை போய்விட்டது.

அதற்குள் சின்னவளும் ஆபீஸுக்குள் வந்திருந்தாள். குனிந்து ஒரு திரையின் ஒயரைப் பிடுங்கினாள். அடுத்து இரண்டாவது. பெரியவளுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்து சுழல் நாற்காலியை வெளியே தள்ளினாள். மூன்று திரையும் சாப்பாட்டு மேசைக்குப் போயின, இவர்கள் கம்ப்யூட்டர் இரண்டும் ஆபீஸுக்கு வந்தன.

“அங்க உக்காந்து எப்படிங்க வேலை பார்க்கிறது?” புரொபசர் சுழல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பதறினான். “யாராவது வந்துக்கிட்டே இருப்பாங்களே!”

ஓரகத்திகள் இருவரும் அவனைப் பார்த்தார்கள்.

“யாராவது சாப்பிட வந்தா எழுந்திருச்சுக்கங்க,” என்றாள் சின்னவள்.

பெரியவள் கதவை உள்ளேயிருந்து சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.