அறுபதடிச் சோட்டி

புத்தூரில் ஒரு வேலி பத்தொன்பது வருஷம் நடந்தது. அது நடந்ததை ஒருவரும் கண்ணால் காணவில்லை. வருஷத்தில் ஒரு நாள், புதுத் தென்னோலைக் கிடுகு கட்டி வேலி அடைக்கிற நாளில், ஒரு பெருவிரல் அகலம் நடக்கும். மிச்ச நாளெல்லாம் ஒன்றும் அறியாத மாதிரிக் கிடுகை மூடிக்கொண்டு நிற்கும். பத்தொன்பது வருஷமும் அது நடந்தது ஒரே திசைக்குத்தான்: கமலாவதியின் வீட்டு வளவுப் பக்கம்.

வேலிக்கு மேற்கே பஞ்சலிங்கத்தாரின் வளவு. தபாற் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளை அடித்த வீடு. முற்றத்துக் கோழிகூட வெள்ளைதான். ஒரு முறை கறுப்புக் குஞ்சு ஒன்று பொரித்ததாகவும், அவர் பார்த்த பார்வையில் அதுவும் ஒரு கிழமைக்குள் வெளுத்துவிட்டதாகவும் சொல்வார்கள். குஞ்சு முழுதாக வெளுக்கவில்லை. வால் கொஞ்சம் சாம்பலாகத்தான் இருந்தது.

வேலிக்குக் கிழக்கே கமலாவதி. வயது ஐம்பத்து மூன்று. கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டால், "மெஷினிலை இருந்து எழும்ப நேரம் கிடைக்கேல்லை" என்பாள். ஒரு அறை, சமைக்க ஒரு குசினி, வேலியோரமாகச் சாய்ப்பாக இறக்கிய ஒரு பத்தி. அந்தப் பத்தியில்தான் கால் தையல் மெஷினும், துணி வெட்டுகிற நீட்டு மேசையும் இருந்தன. அவள் தைத்தது சோட்டி. தோளிலிருந்து கணுக்கால் வரை காற்றுப் போகத் தொங்குகிற, பெண்கள் வீட்டில் போடுகிற உடுப்பு. புத்தூரில் சமையல், சண்டை, சந்தோஷம் எல்லாம் அதற்குள்தான் நடக்கும்.

யாழ்ப்பாணத்துக் கடைகளில் மற்றத் தையல்காரிகள் தொடப் பயந்த, பெரிய உருவம் அச்சடித்த சீத்தைத் துணிகளைத்தான் கமலாவதி தேடி எடுப்பாள். சாப்பாட்டுக் கோப்பை அளவு சூரியகாந்தி, வாய் திறந்த கிளி, ஒன்றின் தலையில் ஒன்று ஏறி நிற்கிற அன்னாசி, நீல வரிக்குதிரை. ஆனால் அவளிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒரு சீத்தை ஊரில் ஒருத்திக்குத்தான். முன்னொரு காலம் இரண்டு பெண்கள் ஒரே கிளியோடு ஒரே கிணற்றுக்குத் தண்ணீர் அள்ள வந்து, நாலு வருஷம் பேசாமல் இருந்தார்கள். அதற்குப் பிறகு வந்த சட்டம் அது. அதனால் கொடியில் காய்கிற துணியைப் பார்த்தே அது யார் வீடு என்று ஊரில் சின்னக் குழந்தையும் சொல்லும்.

ஐப்பசி மாதம் பஞ்சலிங்கத்தார் பத்தி வாசலுக்கு வந்தார்.

"பிள்ளை கமலா, கனடாவிலை இருக்கிற மகன் மதில் கட்டச் சொல்லிப்போட்டான். தை பிறக்க வேலை துவங்கும். அத்திவாரம் உன்ரை பக்கமா ரெண்டடி வெட்டவேணும். அதுக்கிடையிலை உந்தப் பத்தியைக் கழட்டிப்போடு."

கமலாவதி மெஷினை நிறுத்தவில்லை. "பத்தியைக் கழட்டினா மெஷினை எங்கை வைக்கிறது அண்ணை?"

"வீட்டுக்குள்ளை வையன்."

"மேசையை உள்ளை வைச்சா நான் வெளியிலை படுக்கவேணும். இந்தப் பத்தி போடேக்கை வேலிக்கும் அதுக்கும் இடையிலை ஒரு சைக்கிள் உருட்டலாம். இப்ப எறும்பு போறதெண்டாலும் ஒருக்களிச்சுத்தான் போகவேணும்."

"கிளுவை மரம் பருக்கும் பிள்ளை. வேலியெண்டா வயசு போகப் போக வயிறு வைக்குந்தானே."

"வயிறு வைச்சா ரெண்டு பக்கமுமெல்லோ வைக்கவேணும்? உது என்ரை பக்கம் மட்டும் வைக்குது."

பஞ்சலிங்கத்தார் சால்வையை உதறித் தோளில் போட்டார். அவருடைய அகராதியில் அது முற்றுப்புள்ளி. கமலாவதி மிதித்த மிதியில் அன்றைக்கு மூன்று ஊசி முறிந்தது. பத்தி போனால் மேசை போகும், மேசை போனால் தொழில் போகும், தொழில் போனால் மகனில்லாத, மதிலில்லாத ஒருத்தி அந்தக் குறுகிய தெருவில், அந்த ஒழுங்கையில், என்னவாக இருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் மழை விட்டுவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். புத்தூர் மழைக்கு வானொலி கேட்கிற பழக்கமில்லை; ஒன்பது நாள் பெய்தது. கிடுகெல்லாம் உக்கி விழுந்து, வேலி எலும்பும் தோலுமாக நின்றது. பத்தாம் நாள் காலை பல் விளக்கிக்கொண்டு வந்த கமலாவதி, பற்பொடியை விழுங்கிவிட்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம், பஞ்சலிங்கத்தாரின் வளவுக்குள், பச்சைத் துளிர் வரிசை வரிசையாக எழும்பியிருந்தது. ஒவ்வொரு வருஷமும் அவர் வேலிக்கு உயிரோடு நட்ட பழைய கிளுவங் கதியாலை நிலமட்டத்தில் தறித்துவிட்டு, ஒரு விரல் இந்தப் பக்கம் தள்ளிப் புதுக் கதியால் போட்டிருந்தார். தறித்த கட்டைகள் மண்ணுக்குள் உயிரோடு கிடந்திருக்கின்றன. ஒன்பது நாள் மழை குடித்ததும் எல்லாம் ஒன்றாக முளைத்துவிட்டன. கமலாவதி குந்தியிருந்து எண்ணினாள். பத்தொன்பது வரிசை. சீப்புப் பல்லுப் போல, ஒன்றுக்கொன்று ஒரு விரல். ஆகக் கடைசி வரிசைதான் அவளுடைய தகப்பன் காலத்து எல்லை.

பஞ்சலிங்கத்தார் காலையில் எழும்பித் துளிரை முறிப்பார். பின்னேரம் முறித்த இடத்தில் இரண்டு வரும். ஒரு கிழமை இப்படிப் போனதில் கடைசி வரிசை அவர் தலைக்கு மேலே போய்விட்டது. அவர் அண்ணாந்து பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்.

கமலாவதி கிராம அலுவலரான விதானையாரைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் நல்ல மனிதர். யாரோடும் கோபிக்க விரும்பாதவர். "அக்கா, அயலுக்கை எதுக்குச் சண்டை? பாதிக்குப் பாதியெண்டு பேசி முடியுங்கோவன்."

"பாதியெண்டா ஒன்பதரை விரல். பத்தியிலை பாதி நிக்கும். நானும் பாதிச் சோட்டி தைக்கிறதோ? மற்றப் பாதிக்கு ஊர்ப் பொம்பிளையள் உங்கடை கந்தோருக்கு வருவினம், பரவாயில்லையோ?"

விதானையார் மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

அன்று முழுக்கக் கமலாவதி அந்த எலும்பு வேலியைப் பார்த்தபடி இருந்தாள். அது எப்படிப் பத்தொன்பது வருஷம் நடந்தது? கிடுகு வேலியை ஒருவரும் பார்ப்பதில்லை என்பதால்தான் நடந்தது. நிறமில்லாத பொருள், கண் அதில் தங்காது. அப்படியானால் கண் தங்குகிற வேலி ஒன்று வேண்டும். ஒரு நூல் அசைந்தாலும் ஊரே "என்ன அது அசையுது?" என்று கேட்கிற வேலி.

பத்தியின் பரணில் இருபது வருஷத்து வெட்டுத் துண்டுகள் மூட்டை மூட்டையாக இருந்தன. இறக்கினாள். ஒவ்வொரு துண்டையும் ஒரு சாண் சதுரமாக வெட்டினாள். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை, பச்சைக்குப் பக்கத்தில் கத்தரிப்பூ நிறம். கிளிக்கு எதிரே கிளி வராமல், அன்னாசிக்குக் கீழே வரிக்குதிரை. மென்மையான நிறம் ஏதாவது வந்தால் கால் துடைக்க எறிந்தாள். முன்னுக்கும் பின்னுக்கும் சீத்தை, நடுவில் கழுவிக் காயவைத்த உரப்பை, மூன்றையும் சேர்த்து நைலோன் நூலால் குறுக்கும் மறுக்குமாக ஓட்டுத்தையல். ஆறடி உயரம், அறுபதடி நீளம். மெஷின் சூடேறி, அதன் மேல் வைத்த தேத்தண்ணி ஆறவே இல்லை. மார்கழி முடிய நாற்பத்தாறு பெண்களின் துணி அதற்குள் போயிருந்தது.

களவாகக் கட்டவில்லை. பட்டப்பகல் பதினொரு மணிக்கு, பஞ்சலிங்கத்தார் விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கும்போது, பத்தொன்பதாம் வரிசைக் கிளுவையில், முனையிலிருந்து முனைவரை இழுத்துக் கட்டினாள்.

அவர் பேப்பரை இறக்கினார். கண்ணாடியைக் கழற்றினார். கழற்றியும் தெரிந்தது.

"இதென்ன பிள்ளை, சர்க்கஸ் கூடாரமோ? மரியாதையான ஆக்கள் இருக்கிற ஒழுங்கை இது!"

"மரியாதையான ஆக்கள் போட்ட துணிதான் அண்ணை" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த முடிச்சைப் போட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததில் பல கதைகளை நம்பத் தேவையில்லை. கரவெட்டியிலிருந்து தேனீக்கள் வந்து சூரியகாந்தியில் இரண்டு நாள் வேலைசெய்து, ஏமாந்து, மூன்றாம் நாள் திரும்பிப் போனது உண்மை. பருத்தித்துறை பஸ் சிவப்பைக் கண்டு பிரேக் போட்டு, பச்சை எங்கே என்று தேடிக் கால் மணித்தியாலம் நின்றதும் உண்மை. பலாலிக்குப் போன விமானம் மேலே இரண்டு தரம் வட்டமடித்தது. மூன்றாம் தரமும் வட்டமடித்தது என்பவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். பஞ்சலிங்கத்தாரின் பசு மட்டும் வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பால் தந்தது. பாலில் நிறமாற்றம் ஒன்றும் இல்லை.

தை மாதம் ஐந்தாம் நாள் மேசன் பிரகாஸ் இரண்டு ஆட்களோடும், அத்திவாரம் தோண்ட அலவாங்கோடும் வந்தான். ஊரில் பாதி ஒழுங்கையில் நின்றது. கமலாவதி பத்தி வாசலில் கத்தரிக்கோலோடு நின்றாள்.

"முதல்லை உந்தத் துணியை இழுத்து விழுத்து" என்றார் பஞ்சலிங்கத்தார்.

பிரகாஸ் போய்க் கையை நீட்டினான். நீட்டின கை பாதியில் நின்றது.

"என்னடா?"

"ஐயா... உது என்ரை மனிசியின்ரை அன்னாசி."

"அப்ப அங்காலைப் பக்கத்தாலை இழு!"

"அங்காலை என்ரை அம்மாவின்ரை மயில் ஐயா" என்றான் இரண்டாமவன். மூன்றாமவன் வேலி நீளத்துக்கும் ஒரு தரம் நடந்து பார்த்துவிட்டு வந்து, "மாமிக்காரியின்ரை வரிக்குதிரை. கை வைச்சனெண்டா எனக்கு வீட்டிலை சோறில்லை" என்று அலவாங்கை நிலத்தில் வைத்தான்.

ஒழுங்கையில் நின்ற பெண்கள் அப்போதுதான் கிட்ட வந்து பார்த்தார்கள். "இஞ்சை பாரடி, இது என்ரை மூத்தவளைச் சுமந்த நேரம் தைச்சது!" "அது நான்! அந்தச் செவ்வரத்தம்பூ நான்!" நாலு பேர் பார்த்திருக்க ஒருத்தியின் சோட்டியில் இன்னொருத்தன் கை வைப்பதென்றால், அது புத்தூரில் சின்ன விஷயமில்லை. கமலாவதி இதையெல்லாம் முன்கூட்டி யோசித்துத்தான் செய்தாள் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அவள் யோசித்தது நிறத்தை மட்டும்தான்.

பஞ்சலிங்கத்தார் சால்வையை இடுப்பில் கட்டினார். மாட்டுக்குக் குழை வெட்டுகிற கத்தியை எடுத்தார். "ஒருத்தரும் வேண்டாம். உதிலை என்ரை வீட்டுத் துணி ஒண்டுமில்லை. நான் வெட்டுறன்."

கமலாவதி கத்தரிக்கோலோடு வேலியடிக்கு ஓடினாள். "வெட்டுங்கோ அண்ணை! நீங்கள் வெட்ட வெட்ட நான் தைப்பன். ஆர் முதல் களைக்கிறதெண்டு பாப்பம்!"

அப்போது வெள்ளை வீட்டின் கதவு திறந்தது.

வெளியே வந்தது நல்லம்மா, பஞ்சலிங்கத்தாரின் மனைவி. நாற்பது வருஷமாகச் சாம்பல் நிறச் சேலை தவிர வேறொன்றில் ஊர் அவளைக் கண்டதில்லை. இப்போது அவள் போட்டிருந்தது இரத்தச் சிவப்புச் சோட்டி. அதில் மஞ்சள் அலகுச் சேவல்கள், ஒவ்வொன்றும் உண்மைச் சேவல் அளவு, எல்லாம் வாயைத் திறந்து கூவுகிற தோரணை. கமலாவதிக்குத் தன் கைத்தையல் தெரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன் தைத்தது. கணவர் வெளியே போகிற மத்தியானங்களில் கதவைப் பூட்டிக்கொண்டு நல்லம்மா அதைப் போடுவாள். இந்த ஒன்றை ஊருக்குச் சொல்லக் கூடாது என்று கேட்டதால், அதன் துண்டை மட்டும் கமலாவதி வேலியில் சேர்க்கவில்லை.

நல்லம்மா நேரே நடந்துபோய் வேலியோடு முதுகை ஒட்டி நின்றாள். அவ்வளவுதான், ஆளைக் காணவில்லை. தலை ஒன்று மட்டும் பூக்களுக்கும் கிளிகளுக்கும் நடுவில் இருந்து கதைத்தது.

"இஞ்சேரப்பா, வெட்டுங்கோ பாப்பம்."

பஞ்சலிங்கத்தார் கத்தியை ஓங்கியபடி நின்றார். எது வேலி, எது மனைவி என்று பிரிக்க முடியவில்லை. கண்ணை இடுக்கிப் பார்த்தார். ஒரு சேவல் அசைந்தது. கத்தி தானாகக் கீழே வந்தது.

"எப்ப தைப்பிச்சனி உதை?" என்றார் நல்லம்மாவிடம், மெதுவாக.

"நீங்கள் உந்த வேலியைப் பதினாறாந் தரம் தள்ளி வைச்ச வருஷம். எனக்கும் எண்ணத் தெரியும்."

ஒழுங்கையில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் பிறகு வீட்டுக்குப் போய்ச் சிரித்தார்கள்.

பிரகாஸ் மதிலுக்கு எல்லை பிடிக்கிற நூற்கட்டையை எடுத்துக்கொண்டு தலையைச் சொறிந்தான். "ஐயா, அப்ப நூல் எதிலை பிடிக்கிறது?"

பஞ்சலிங்கத்தார் தொண்டையைச் செருமினார். "பத்தாவது வரிசையிலை பிடி. ரெண்டு பேருக்கும் பொதுவாய்..."

"பத்தொன்பதிலை" என்றாள் கமலாவதி.

"பதின்மூண்டு எண்டு வைப்பம் பிள்ளை."

"பத்தொன்பது."

"ஒரு பதினேழு..."

"அண்ணை, ஒவ்வொரு விரலாய்க் கொண்டுபோனது நீங்கள். ஒரு விரலும் விட்டுத்தர நான் இஞ்சை நிக்கேல்லை. பத்தொன்பது."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி இருந்த இடத்தில் பன்னிரண்டு சேவல் அவரைப் பார்த்தது.

"பிடியடா" என்றார் பிரகாஸிடம்.

மதில் தகப்பன் காலத்து எல்லையில், சீத்தைக்கு மேற்கே, அத்திவாரம் முழுவதும் அவருடைய பக்கமாக எழும்பியது. அவர் அதற்கு வெள்ளை அடித்தார். பூச்சுக் காய்ந்த அன்று பத்தி வாசலுக்கு வந்து, முன்பு இல்லாத ஒரு பணிவோடு நின்றார்.

"மதில்தான் வந்திட்டுதே பிள்ளை. இனி உந்தத் துணியைக் கழட்டலாந்தானே? மதிலுக்கு மேலாலை தெரியுது. வெளிச்சம் வீட்டுக்குள்ளை வந்து, வெள்ளைச் சுவரெல்லாம் அன்னாசியாய்க் கிடக்கு."

கமலாவதி மேசையை இரண்டடி முன்னுக்கு இழுத்துப் போட்டிருந்தாள். காலைத் தாராளமாக நீட்டி மெஷினை மிதித்துக்கொண்டே சொன்னாள்:

"அது என்ரை துணியில்லை அண்ணை. நாப்பத்தாறு பொம்பிளையளின்ரை. ஒவ்வொருத்தியின்ரை வீட்டை போய்க் கேளுங்கோ. எல்லாரும் ஓமெண்டா நான் கழட்டுறன். பஸ் தரிப்பிடத்திலை இருந்து துவங்கினா வெய்யிலுக்கு முதல் பாதி முடிக்கலாம்."

அவர் இன்னும் துவங்கவில்லை.