ஜெபம் பண்ணிய கயிறு

வேப்பம்பட்டு ரயில் நிலையத்தின் நடைமேடையில், மேற்குக் கடைசிக்குப் போய் நின்றால், மழை விட்ட மறுநாள் காலைகளில் அடிவானத்தில் நீலமாக ஒரு கோடு தெரியும். ஆந்திர எல்லைக் குன்றுகள். பார்ப்பவர்கள் அதை மேகம் என்று நினைத்துக்கொள்வார்கள். அது மலை என்று ரெனிதாவுக்குத் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் காலை ஷிப்டுக்கு அவளை ஏற்றிச் செல்லும் ரயில் எதிர்த்திசையில் போகும். நான்கு வருடங்களாக அவள் அந்த மலைக்கு முதுகைக் காட்டியபடியே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் காத்திருந்தது திருத்தணி போகும் ரயிலுக்கு. பக்கத்தில் அம்மா சாராள் நின்றிருந்தாள். ஒன்பது மணி ஆராதனைக்காகக் கட்டிய வெள்ளைப் புடவை. கையில் பழைய படுக்கை விரிப்பைத் தைத்துச் செய்த புதுப் பை, வாய் நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"இந்தா, உன் கயிறு" என்றாள் அம்மா.

"நானே பரண்லேர்ந்து எடுத்துக்கலாம்னு பார்த்தேன், காணோம். உன்கிட்டயா இருந்துச்சு?"

"நேத்து உபவாச ஜெபத்துக்கு எட்துனு போனேன். பாஸ்டர் பீடத்துல வெச்சு, கை வெச்சு ஜெபம் பண்ணாரு. மலைகிட்ட போயி, ஒரு ஜெபம் பண்ணிட்டு அப்பால பிரி. நடுவுல பிரிக்காத கண்ணு."

ரெனிதா பையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இரண்டு வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்கு வராமல் சுவர் ஏறப் போகிறாள் என்பதற்காக அவளிடம் பேசாமல் இருந்த அம்மா. ஞாயிறு மதியச் சோற்றைத் தட்டில் போட்டு மூடிவைத்துவிட்டு, முகம் பார்க்காமல் படுத்துவிடும் அம்மா. அவள் இன்று ரயிலேற்றிவிட வந்திருக்கிறாள்.

அந்தச் சுவரை ரெனிதாவுக்குக் காட்டியதே அம்மாதான், தெரியாமல். சாராள் வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் துப்புரவு வேலை செய்தாள். ஒரு நாள் சாப்பாடு கொண்டுபோன ரெனிதா, மைதானத்தின் ஓரத்தில் மூன்று மாடி உயரத்துக்கு நின்ற சுவரையும், அதில் சிவப்பும் பச்சையுமாகப் பதித்திருந்த பிடிகளையும், பல்லிபோல ஒட்டிக்கொண்டு மேலே போன ஒரு பெண்ணையும் பார்த்தாள். டிபன் கேரியரை வெயிலிலேயே வைத்துவிட்டு நின்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியாட்களையும் விடுவார்கள் என்று தெரிந்தது. அங்கேதான் கிஷோரைச் சந்தித்தாள். ஆவடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்பவன். இருவரும் சேர்ந்து அறுபது மீட்டர் ஆரஞ்சு நிறக் கயிறு ஒன்றை வாங்கினார்கள். ஒரு வாரம் அவன் வீட்டில், ஒரு வாரம் அவள் வீட்டில் அது இருக்கும். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. எந்தத் தேதியில் எங்கே ஏறினார்கள், யார் எத்தனை அடி விழுந்தார்கள், கயிற்றில் எங்கே உரசல் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

இன்று தேர்வு. இமயமலை அடிவாரத்தில் ஒரு மலையேற்றப் பள்ளி, பயிற்சியாளர்களுக்கு உதவியாக ஒரு ஜோடியை எடுக்கப்போகிறது. தங்குமிடம், சாப்பாடு, சம்பளம், கண் விழித்தால் பனி. திருத்தணிக்கு அப்பால் கூனிப்பாறை என்ற குன்றில், பள்ளியின் மூத்த பயிற்சியாளர் ஸ்ரீநாத் மூன்று ஜோடிகளை ஏறவைத்துப் பார்ப்பார். அவரவர் கயிற்றை அவரவர் கொண்டுவர வேண்டும்.

ரயில் வந்தது. ஆவடியிலேயே ஏறியிருந்த கிஷோர் வாசலில் தொங்கிக்கொண்டு கை நீட்டினான்.

"இன்னா மேடம், தலகாணி எட்துனு வர்றீங்க? மலையில தூங்கப் போறோமா?"

"வாய மூடு. கயிறுடா. அம்மா ஜெபம் பண்ணிக் குடுத்திருக்காங்க."

"யாரு, சாராள் அத்தையா? என்னப் பார்த்தாலே சாத்தானப் பார்த்தா மாரி மூஞ்ச திருப்பிக்கும், அதுவா?"

அவள் நடைமேடையைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா பைபிளை இடுக்கிக்கொண்டு, வண்டி மறையும்வரை நின்றிருந்தாள்.

பையைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும் என்று ரெனிதாவுக்குத் தோன்றத்தான் செய்தது. வியாழனிலிருந்து மூன்று நாளும் இரட்டை ஷிப்டு. இந்த ஞாயிறும் வேலை வைத்திருந்ததால், இன்றைய விடுப்புக்கு ஈடாக. கயிறு இருந்த பரணை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஏறப்போகும் நாளின் காலையில் கயிற்றை முழுவதும் விரலால் உருவிப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் இருவரும் ஒருநாளும் தவறவிடாத வழக்கம். ஆனால் அம்மா நடுவில் பிரிக்காதே என்று சொல்லியிருந்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

கூனிப்பாறை படங்களில் பார்த்ததைவிட அழகாக இருந்தது. அடியில் முள்மரங்கள், மேலே செங்குத்தாக எழுந்த சாம்பல் பாறை, நடுவில் மழைநீர் ஓடி ஓடிக் கறுத்த தடம். ஸ்ரீநாத் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு அந்தத் தடத்துக்கு இடதுபுறம் இருந்த விரிசலைக் காட்டினார். "இதுதான் வழி. பதினோரு மணிக்குள்ள முடிக்கணும். வெயில் ஏறிட்டா கல்லைத் தொட முடியாது. முதல்ல ரெனிதா, கிஷோர்."

இருவரும் ஒரு வேப்பமரத்தடிக்குப் போனார்கள். ரெனிதா கண்ணை மூடி ஜெபித்தாள். கிஷோரும் மரியாதைக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நூலை அவிழ்த்துப் பையைக் கவிழ்த்ததும் மல்லிகை வாசனை அடித்தது.

"அடங்கொய்யால" என்றான் கிஷோர். "புதுசு கணக்கா மினுக்குதே! உங்கம்மாவ லேத்துக்குக் கூட்டுனு போவணும். எங்க மிஷினுங்கோ எல்லாம் பளபளன்னு ஆயிடும்."

கயிறு சுத்தமாக இருந்தது. அழுக்கு போயிருந்தது, சரி. ஆனால் ஏறும்போது கயிற்றை மாட்டும் உலோக வளையங்களில் உரசி உரசி ஏறியிருந்த கறுப்பும் போயிருந்தது. சோப்புக்கு அந்தக் கறுப்பு அசையாது. ரெனிதாவே பலமுறை தேய்த்துப் பார்த்துத் தோற்றிருக்கிறாள். ஆரஞ்சு நிறம் அங்கங்கே பழுத்த பப்பாளித் தோல்போல வெளிறியிருந்தது. அவள் கயிற்றை மூக்கருகில் கொண்டுபோனாள். மல்லிகைக்கு அடியில் வேறொரு வாசனை இருந்தது. வேலை முடிந்து வரும் அம்மாவின் கைகளில் தினமும் இருக்கும் வாசனை.

போன் போட்டாள். ஆராதனை தொடங்கவில்லை, அம்மா எடுத்தாள்.

"அம்மா, கயித்த எதுல துவைச்ச?"

"ஏன், நல்லா கீதா?"

"எதுல துவைச்சன்னு சொல்லும்மா."

"பவுடர்ல தான் ஊற வெச்சேன். அந்தக் கறுப்பு மட்டும் போவல. பீடத்துல வெக்கிற சாமான் கறையோட இருக்கலாமா? காலேஜ்ல பாத்ரூமுக்கு ஊத்துற ஆசிட் இருந்துச்சு. ஒரு பக்கெட் தண்ணிக்கு ரெண்டே மூடி. ஒரு ராத்திரி ஊறுனதும் பளிச்சுன்னு வந்துருச்சு. அப்பால நல்ல தண்ணியில மூணு தபா அலசி, வாசனை மருந்து போட்டேன். எந்தக் கறையும் என் கைக்கு நிக்காதுன்னு காலேஜ்லயே சொல்லுவாங்கோ... ரெனி? கேக்குதா?"

"கேக்குதும்மா."

"பார்த்து ஏறு. கர்த்தர் புடிச்சிப்பாரு."

கிஷோருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை; பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தான். கயிற்றின் நூலை ஆசிட் உள்ளுக்குள்ளே அரித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது என்பதை முதல் மாதத்திலேயே இருவரும் படித்திருந்தார்கள்.

"எவ்ளோ அரிச்சிருக்கும்?" என்றான் மெதுவாக.

"தெரியாது. ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம். தொட்டா அறுந்தும் போகலாம்."

அவன் சற்று தூரத்தில் நின்ற ஸ்ரீநாத்தைப் பார்த்தான். "சொல்லாத."

"கிஷோர்."

"சொல்லாதன்றேன். நான் ஏறுறேன், நீ கீழ நின்னு புடி. அந்த வழிய நான் நூறு தபா மனசுல ஏறிட்டேன். நான் வியமாட்டேன். வியலன்னா கயிறு மேல வெயிட்டே வராது. அப்பால அது அறுந்தா இன்னா, அறாங்காட்டி இன்னா?"

"விழுந்தா?"

"விய மாட்டேன்றேன்ல. எனக்கு இருபத்தஞ்சு முடியப் போவுது ரெனி. பட்டறைக்கே திரும்பிப் போனா செத்துருவேன்."

அவன் கண்களில் நீர் முட்டியிருந்தது. ரெனிதா அவனைப் பார்த்தாள். பிறகு விரிசலைப் பார்த்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளும் அதை ஏற்றுக்கொண்டாள். அவன் மேலே போவான், விழமாட்டான், மாலைக்குள் பெயர் அறிவிப்பார்கள், அடுத்த மாதம் பனி. பிறகு தன் கைகளைப் பார்த்தாள். கயிற்றின் மறுமுனை இந்தக் கைகளில்தான் இருக்கும். அவன் விழுந்தால், இழுவிசைக்காகக் காத்திருக்கும் இந்தக் கைகளுக்கு எதுவுமே வராது.

ஸ்ரீநாத் அருகே வந்து கயிற்று நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். கையெழுத்து நன்றாக இருப்பதாகச் சொன்னார். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"போன ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கு. அதுக்கப்புறம் கயிறு எங்க இருந்துச்சு?"

கிஷோர் வாயைத் திறந்தான். ரெனிதா முந்திக்கொண்டாள். பரண், உபவாச ஜெபம், இரண்டு மூடி ஆசிட், எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அம்மாவின்மேல் பழி விழாதபடி சொல்லப் பார்த்தாள், அது முடியவில்லை.

ஸ்ரீநாத் கயிற்றைக் கையில் எடுத்து, ஓரிடத்தில் மடித்து அழுத்திப் பார்த்து, கீழே வைத்தார்.

"சார், எங்க கயித்துல அவங்க ஏறட்டுமே" என்றாள் அடுத்த ஜோடியைச் சேர்ந்த கவிப்பிரியா. யாரும் கேட்காமலே சொன்னாள்.

ஸ்ரீநாத் நோட்டை மூடி ரெனிதாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

"வேணாம்மா" என்றார் அவர். "இவங்க நல்லா ஏறுவாங்கன்னு வீடியோவிலேயே பார்த்துட்டேன். இன்னிக்கு நான் பார்க்க வந்ததே கயிற யார் எப்படி வெச்சிருக்காங்கன்னுதான். அங்க ஒரு கேம்புக்கு முப்பது பசங்க வருவாங்க. மூணு நாள் கயிறு எங்க இருந்துச்சுன்னு தெரியாதவங்ககிட்ட அந்தப் பசங்கள எப்படி விடுறது? நீங்க உண்மையச் சொன்னீங்க. அதுக்கு நன்றி. ஆனா அது பைய அவிழ்த்தப்புறம் தெரிஞ்ச உண்மை."

"அடுத்த தபா வரலாமா சார்?" என்றான் கிஷோர்.

"அடுத்த தடவை கிடையாதுப்பா. இனிமே ஒரு மாசக் கோர்ஸ் முடிச்சவங்கள மட்டும்தான் எடுக்கப்போறாங்க."

ஒரு மாதம் விடுப்புக் கேட்டால் எஸ்டேட்டிலும் பட்டறையிலும் வேறு ஆளை வைத்துவிடுவார்கள்.

போக மனமில்லாமல் மரத்தடியிலேயே உட்கார்ந்து மற்றவர்கள் ஏறுவதைப் பார்த்தார்கள். கவிப்பிரியா பாதி வழியில் திணறி, ஒருமுறை விழுந்தாள். கயிறு அவளைப் பிடித்து, ஊஞ்சல்போல ஆட்டி நிறுத்தியது. கிஷோர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் மறுபடி ஏறி உச்சிக்குப் போய்க் கையை ஆட்டினாள். அங்கிருந்து என்ன தெரிந்ததோ.

திரும்பும் ரயிலில் கிஷோர் வேறு பெட்டியில் ஏறினான். ரெனிதா வேப்பம்பட்டில் இறங்கி, அவன் வாசலில் நிற்பான் என்று ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தாள். வண்டி ஆவடி நோக்கிப் போய்விட்டது.

வீட்டில் கோழிக்குழம்பு வாசனை. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து அவள் கைகால்களைத் தடவிப் பார்த்தாள். "ஒரு சிராய்ப்பு இல்ல! ஸ்தோத்திரம். கயிறு நல்லா புடிச்சுதா?"

"நல்லா புடிச்சுதும்மா."

"எட்துக்கினாங்களா?"

"இல்லம்மா. வேற ஆளுங்க நல்லா ஏறுனாங்க."

சாராள் அவள் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு, "வுடு, கை காலோட வந்து சேந்தியே, அது போதும்" என்றாள். அவள் முகத்தில் இருந்தது வருத்தம்தான். அதன் ஓரத்தில் ஒரு நிம்மதியும் இருந்தது. அதை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

கெட்டுப்போன கயிற்றை வெட்டிப் போட்டுவிட வேண்டும். தெரியாமல் யாரும் எடுத்து ஏறிவிடக் கூடாது. சாப்பிட்ட பிறகு ரெனிதா அரிவாள்மனையோடு மொட்டைமாடிக்குப் போனாள். இரண்டு முழத்துக்கு ஒன்றாக அறுக்கத் தொடங்கினாள். ஆரஞ்சுத் தோலுக்குள் வெள்ளை நூல்கள் கற்றையாக, கொஞ்சமும் கறையில்லாமல் இருந்தன. மேற்கே புழுதிதான் தெரிந்தது.

பத்துப் பதினைந்து துண்டுகள் ஆகியிருக்கும். அம்மா படியேறி வந்தாள்.

"ஏன்டி, நல்லா கீற கயித்தப் போயி அறுக்குற?"

"பழசாயிடுச்சும்மா. இனிமே ஏற முடியாது."

"நேத்து தானே புதுசாட்டம் பண்ணிக் குட்தேன்?" அம்மா ஒரு துண்டை எடுத்து இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாள். "இரும்பாட்டம் கீது பாரு. அப்ப வேற வாங்கப் போறியா?"

"இல்ல."

அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அறுக்காமல் கிடந்த பாதிக் கயிற்றைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். "இத அப்படியே வுடு. கொடி கட்டிக்கிறேன். ஜெபம் பண்ண கயிறு, தூக்கிப் போடக்கூடாது." சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "வர்ற ஞாயிறு சர்ச்சுல சாட்சி சொல்லணும். மலைக்குப் போன பொண்ண பத்திரமா கொண்டாந்து சேத்தாருன்னு. நீயும் வர்றியா?"

"வரேம்மா."

"நெசமாவா?"

"இனிமே எல்லா ஞாயிறும் வரேன்."

சாராள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிவதற்கு முன் ரெனிதா யூனிஃபார்ம் எடுக்க மாடிக்கு வந்தபோது, தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே ஆரஞ்சுக் கொடி கட்டியிருந்தது. அம்மாவின் வெள்ளைப் புடவையும் அவளுடைய நீலச் சட்டையும் அதில் தொங்கின. சட்டையை உருவினாள். கொடி லேசாக ஆடி நின்றது. இன்னும் ஈரமாக இருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு, அம்பத்தூர் ரயிலுக்குக் கிளம்பினாள்.