ஒளிராத பதினான்காம் குப்பி

பதினான்காம் எண் குப்பி மூன்று சோதனை ஓட்டத்திலும் ஒளிரவில்லை. மூன்று முறையும் நானே பதிந்தேன்.

எங்கள் ஆய்வகம் மணலியில், டேங்கர் லாரிகள் நிற்கும் சாலையில் இருக்கிறது. ஒரு ரசாயனம் தோலுக்கு ஒவ்வாமை தருமா என்பதை கினிப்பன்றியின் முதுகில் தடவித்தான் பார்த்துவந்தார்கள். இப்போது தட்டில் வளர்த்த, ஒளிரும்படி மாற்றிய மனிதத் தோல் செல்களின் மேல் விடுகிறோம். ஒவ்வாமை தரும் பொருள் என்றால் செல்கள் ஒளிரும். இந்த முறையை நம்பலாமா என்று ஆறு ஆய்வகங்கள் சோதித்துக்கொண்டிருந்தோம். குப்பிகளில் எண் மட்டும்தான். உள்ளே என்ன என்று எங்களுக்குத் தெரியக் கூடாது. மூன்று ஓட்டம். வந்ததை அனுப்ப வேண்டும்.

மூன்றாவது முடிந்து குப்பியை மூடும்போது, என்னோடு வேலை செய்யும் ஜெபசிங் முகர்ந்துவிட்டான். ராயபுரத்தில் அவன் அப்பாவுக்கு மளிகை மொத்தக் கடை.

"மாமு, இது கிராம்பு. மூட்டை மேல படுத்து வளந்த மூக்கு, தப்பாது."

கிராம்பு எண்ணெயில் இருப்பது யூஜினால் என்ற ரசாயனம். ஒவ்வாமை தரும் என்று பாடப்புத்தகத்திலேயே உண்டு. மதியத்துக்குள் மேலாளர் ரகுபதிக்குச் செய்தி போய்விட்டது.

"இன்னா ரஞ்சித்து, கிராம்பு ஒளிரலன்னு அனுப்பினா நம்ம லேபைத்தான் கலீஜுன்னுவான். இன்னொரு தபா ஓட்டு. டோஸ கொஞ்சம் ஏத்து. ஒளிர்ந்தா அத அனுப்பு."

"மூணு ஓட்டம்தான் சார்."

"மத்த அஞ்சு லேபும் சரியா அனுப்பிடும். நாம மட்டும் அவுட்டு. அடுத்த வேலை வராது."

"இந்த முறைக்குக் கிராம்பு தெரியலன்னா, அதைத் தெரிஞ்சிக்கத்தான் அவங்க கேக்கறாங்க."

என் மனைவி பெர்சிஸின் முதல் ஸ்கேன் அறிக்கையில் 'இயல்பு' என்று இருந்தது. இருபத்தெட்டு வயதுக்கு அப்படித்தான் இருக்கும் என்று யாரோ நினைத்து எழுதியது. அதன்பின் ஏழு மாதம்தான் அவள் உயிரோடு இருந்தாள். அடக்கத்துக்கு ரகுபதியும் வந்திருந்தார். இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

கணினியில் முடிவுப் படிவத்தைத் திறந்தேன். மூன்று ஓட்டம், ஒளிரவில்லை. அதன்பின் பொருள் வாசனையால் தெரிந்துவிட்டது என்பதையும் எழுதினேன்.

ஜெபசிங் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

"எம் பேரும் வருமா?"

"வரும்."

"பேஜாரு மாமு." கொஞ்சம் யோசித்தான். "அப்போ இனிஷியலோட போடு. எங்கப்பாவும் பாத்துக்கட்டும்."

போட்டேன். கீழே என் பெயர்.

ரகுபதி மேசைக்கே வந்துவிட்டார். "அனுப்பாத. அனுப்பிட்டு நாளைக்கு இங்க வராத."

அனுப்பினேன்.

"காதுல வுழுதா? வராதன்னேன்."

"வருவேன் சார். செல்லுங்களுக்கு நாளைக்குத் தீனி மாத்தணும்."