பெயர் வைக்காத ஆறு வாரம்

பெயர்களைக் கூப்பிடுவதுதான் என் வேலையாக இருந்தது. ஒரு மருத்துவமனையின் வெளிநோயாளிகள் கூடத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், மைக் முன்னால் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தேன். கூடத்தில் எழுபது நாற்காலிகள். டாக்டர் அறையிலிருந்து மணி அடித்தால் அடுக்கில் மேலே இருக்கும் சீட்டை எடுத்து வாசிப்பேன். யாராவது ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்திருப்பார். சில பெயர்களுக்கு இரண்டு பேர் எழுந்திருப்பார்கள். என் பெயரைக் கூப்பிட்டால் குறைந்தது மூன்று பேர். "கண்ண மூடிட்டுக் கல்ல விட்டா உன் பேரு உள்ளவ மேலதான் விழும்" என்பார் என் கணவர்.

அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. அப்பாவைப் பற்றி எதையாவது எழுதிவையுங்கள் என்று பிள்ளைகள் இருவரும் சொன்னதால் பேனாவை எடுத்தேன். எழுத வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. ஆனால் வரிசையில் நிற்கத் தெரியாத ஆளைப் போல இந்த ஆறு வாரம் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. வந்தவரைத் திருப்பி அனுப்பி எனக்குப் பழக்கமில்லை.

அவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். மண்டி போட்டே செய்கிற வேலை என்பதால் முட்டிவலி. அதற்கு வைத்தியம் பார்க்க வந்த இடத்தில்தான் பழக்கம். முதல் நாள் அவர் பெயரை இரண்டு முறை கூப்பிட்டும் யாரும் எழவில்லை. மூன்றாவது முறை, பின் வரிசையிலிருந்து ஒரு ஐந்து வயதுப் பெண் நாற்காலி மேல் ஏறி நின்று, "இருக்காரு, தூங்கறாரு! அடுத்த ஆள அனுப்பிடாதீங்க!" என்று கத்தினாள். கூடமே சிரித்தது. அவருடைய மகள். அவள்தான் மேனேஜர். அவளை வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டோம். அவளுடைய அம்மா அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது இறந்துவிட்டாள்.

மேனேஜரின் உண்மையான பெயர் நீளமானது. முன்பாதி அவள் அம்மாவின் பெயரிலிருந்து எடுத்தது, பின்பாதி அப்பாவின் பெயரிலிருந்து. பிரசவம் முடிந்து கட்டிலில் படுத்தபடியே அவள் அம்மா அதை ஒட்டவைத்தாளாம். என் கூடத்தில் அந்தப் பெயருக்கு இவளைத் தவிர வேறு யாரும் எழுந்ததே இல்லை.

எனக்குக் கல்யாணமாகி, பையன் பிறந்தபோது மேனேஜருக்கு எட்டு வயது. என்னைச் சித்தி என்று கூப்பிடுவாள். இன்றும் அப்படித்தான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தவள் கட்டிலுக்கு ஓர் அடி தள்ளி நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தம்பியைப் பார்த்தாள்.

"பேரு என்ன?"

"இன்னும் வைக்கலடா. வா, தூக்கிக்க."

"வச்சதுக்கு அப்புறம் தூக்கறேன். பேரில்லாத ஆள எப்படித் தூக்கறது?"

"நீயே ஒண்ணு சொல்லேன்" என்றார் அவர்.

"என் பேருக்குப் பொருத்தமா இருக்கணும். பேர கேட்டதும் இவன் என் தம்பின்னு ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியணும்."

எல்லோரும் சிரித்தோம். இரண்டு வாரத்தில் சிரிப்பு தீர்ந்துபோனது. மேனேஜர் வேலையில் குறை வைக்கவில்லை. துணிகளை அளவு வாரியாக மடித்து வைத்தாள். தும்முகிற விருந்தாளிகளை வாசலோடு திருப்பி அனுப்பினாள். ஆனால் அவன் அழுதால் அதே ஓர் அடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "சித்தி, ஆள் எந்திரிச்சாச்சு" என்பாள். அவ்வளவுதான். யாரும் பார்க்காத நேரத்தில் நான் அவனை எப்படித் தூக்குகிறேன், எப்படிக் கிடத்துகிறேன் என்று மட்டும் உற்றுப் பார்ப்பாள். அந்த ஓர் அடி அப்படியே நின்றுவிடுமோ என்பதுதான் என் பயம். பிடிவாதக்காரி. அவள் அப்பா ஒரு மூலைக்கல் சரியாக உட்காரவில்லை என்று சாப்பிடாமல் இருக்கிற ஆள். அவருடைய பெண்தானே.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் அவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. "உன்னோடதுல முன்பாதி, என்னோடதுல பின்பாதி. ஒட்டினா வேலை முடிஞ்சுது."

ஒட்டினோம். சொல்லிப் பார்த்தோம். கீழ் வீட்டுக் கம்பவுண்டர் அண்ணன் குழந்தையைப் பார்க்க வந்திருந்தார். எங்கள் மருத்துவமனையிலேயே மருந்து கொடுக்கும் கவுண்டரில் இருப்பவர்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு வேளையா?" என்றார்.

"அண்ணே!"

"இல்லம்மா, இருமலுக்கு நல்லது. குலுக்கிட்டுக் குடுக்கணும்."

பாதிகளை முன்பின்னாக மாற்றிச் சொன்னார் என் கணவர்.

"இது மேலுக்குத் தடவறது. உள்ளுக்குச் சாப்பிட்டா நான் பொறுப்பில்ல."

என் கணவர் சிரித்த சிரிப்பில் முட்டியைப் பிடித்துக்கொண்டார். மேனேஜர் சிரிக்கவில்லை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு கட்டம் போட்டு, ஒவ்வொன்றையும் நடுவில் கோடு கிழித்துப் பிரித்திருந்தாள்.

"இது என் பேரு, இது அவன் பேரு. என்னோடதுல அம்மாவும் அப்பாவும். அவனோடதுல சித்தியும் அப்பாவும். பாதிதான ஒண்ணா இருக்கு? அப்ப நான் பாதி அக்காவா?"

அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்ததாகக் கம்பவுண்டர் அண்ணனுக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. அவர் வீட்டில் பால் காய்ச்சுவது அண்ணிதான்.

மறுநாள் அவனைக் குளிப்பாட்டித் துவட்டும்போது, துண்டை எடுத்துக் கொடுக்க வந்த மேனேஜரிடம் சொன்னேன்: "உங்க அம்மாவோட பாதியையே தம்பிக்கும் வச்சிடலாம். என்னோடது வேணாம். முடிவ மட்டும் ஆம்பளப் பிள்ளைக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம். அப்ப ரெண்டு பேருக்கும் முழுசாப் பொருந்திடும் இல்ல?"

சொல்லும்போதே என் பெருந்தன்மையை நானே மெச்சிக்கொண்டேன் என்பதை மறைக்கப்போவதில்லை. அவள் ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்றுகூட நினைத்திருப்பேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

"அது என்னோடது. எங்கம்மா எனக்குக் குடுத்தது. அவங்களுக்கு இவன தெரியவே தெரியாது."

துண்டை நாற்காலி மேல் வைத்துவிட்டுப் போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம் வரை எழுந்து வரவில்லை. வேலையிலிருந்து வந்த அவரிடம் சொன்னேன். சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டிக்கொண்டு கேட்டார்.

"நீ நல்லதுக்குத்தான் சொன்ன. ஆனா ஒட்டின கல்லப் பேத்து அடுத்த ரூமுக்குப் போட முடியுமா? ஒடஞ்சுதான் வரும்."

"அப்ப என்னங்க பண்றது?"

"தெரியல. சிமெண்ட்டுன்னா நான் சொல்லுவேன்."

அதற்குப் பிறகு பாதிகளை விட்டுவிட்டு ஓசையைப் பிடித்தோம். அவள் பெயர் முடிகிற மாதிரியே முடிகிற பெயர்கள்: "கிணத்துக்குள்ள கத்தின மாதிரி இருக்கு" என்றாள். அவள் பெயர் தொடங்குகிற எழுத்திலேயே தொடங்குகிற பெயர்கள்: "ஸ்கூல் அட்டெண்டன்ஸ் மாதிரி இருக்கு." சொந்தக்காரர்கள் போனில் ஆளுக்கு ஐந்து பெயர் அனுப்பினார்கள். பதிவு அலுவலகத்துப் படிவம் அலமாரி மேல் காலிக் கட்டத்தோடு கிடந்தது. கொடுக்க இன்னும் நான்கு நாள்தான் இருந்தது.

அந்த நிலையில்தான் ஆறாவது வாரத்துத் தடுப்பூசி. அன்று பள்ளி விடுமுறை. அவர் யார் வீட்டுக் குளியலறையிலோ மண்டியிட்டிருந்தார். நானும் மேனேஜரும் குழந்தையைக் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு போனோம். எனக்குப் பதிலாகக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவளுக்கு மைக்கு என்று பட்டப்பெயர். அவள் குரலுக்கு மைக் தேவையில்லை. குழந்தைக்குப் பெயர் இல்லாததால் சீட்டில் என் பெயரை எழுதிப் பக்கத்தில் 'குழந்தை' என்று போட்டாள். வழக்கமாகச் செய்வதுதான். என் பெயருக்கு எத்தனை பேர் எழுவார்கள் என்று பதினோரு வருடம் பார்த்த எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

கூட்டம் அதிகமாக இருந்தது. காய்ச்சல் வந்தால் கொடுக்கிற சொட்டு மருந்தை அதற்குள் வாங்கிவிடலாம் என்று, "பாத்துக்கடா, கூப்பிட்டா வந்து சொல்லு" என்றுவிட்டு மருந்துக் கவுண்டருக்குப் போனேன். அங்கே கம்பவுண்டர் அண்ணன் புதிதாக வந்த ஒரு களிம்பின் பெயரைக் காட்டி, "இது எப்படி இருக்கு, பையனுக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கூடத்தில் நடந்ததை நான் பார்க்கவில்லை. மைக்கு எனக்கு ஏழெட்டு முறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் மேனேஜர் கொஞ்சம் வேகமாக ஓடுவாள்.

மைக்கு என் பெயரைச் சொல்லி, "குழந்தை" என்றிருக்கிறாள். இரண்டாவது வரிசையிலிருந்து கொழுகொழுவென்று ஒரு குழந்தையோடு ஒரு பெண் எழுந்து ஊசி அறைக்கு நடந்திருக்கிறாள். அவளுக்கும் என் பெயர். அவள் குழந்தைக்கும் இன்னும் பெயர் வைக்கவில்லை. மேனேஜர் எழுந்து என் பக்கம் பார்த்திருக்கிறாள். என் முதுகுதான் தெரிந்தது. என்னிடம் ஓடிவந்து சொல்வதற்குள் முறை போய்விடும். கூடையைத் தூக்க அவளால் முடியாது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாளாம்.

"அப்புறம் அள்ளினா பாரு!" என்பாள் மைக்கு. "தலைக்கு ஒரு கை, அடியில ஒரு கை, நெஞ்சோட சேத்துப் பிடிச்சிக்கிட்டு ஒரே ஓட்டம். நீகூட அவ்வளவு சரியாத் தூக்க மாட்ட."

நான் திரும்பி வந்தபோது நாற்காலியில் காலிக் கூடை. கீழே ஒரே ஒரு செருப்பு. அப்போதுதான் ஊசி அறைக்குள்ளிருந்து அந்தக் குரல் கேட்டது.

"இது எங்க முறை. சீட்டுல நம்பரப் பாருங்க."

"பாப்பா, பேரு ஒண்ணுதான?" என்றார் நர்ஸ்.

"பேரு ஒண்ணு. ஆள் வேற!"

"அட, நீயே முதல்ல போட்டுக்கம்மா" என்றாள் என் பெயர்க்காரி. "ஊசி குத்திக்கறதுக்குப் போய் ஒருத்தி சண்டை போடறத இன்னிக்குத்தான் பாக்கறேன்."

நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன். உள்ளே போனால் அவள் அவனை என்னிடம் கொடுத்துவிடுவாள் என்று தோன்றியது.

"சரி, குழந்தை பேரு சொல்லு. அட்டையில எழுதணும்."

"இன்னும் வைக்கல."

"அப்ப நான் என்னன்னு எழுத?"

மேனேஜர் தன் முழுப் பெயரையும் சொன்னாள். நான் மைக்கில் சொல்வது போல, நிறுத்தி, தெளிவாக.

"இது யாரு பேரு? உன்னோடதா?"

"ஆமா. பக்கத்துல தம்பின்னு போடுங்க."

நர்ஸ் அப்படியே எழுதினார். ஊசி போட்டதும் அவன் வீறிட்டான். அவளும் அழுதாள். அழுதுகொண்டே, "முடிஞ்சுது, முடிஞ்சுது, இந்த நர்ஸ் அக்காவுக்கு இனிமே வேலை இல்ல" என்று அவன் முதுகைத் தட்டினாள். நர்ஸ் என்னைப் பார்த்து, "யாரு சொல்லிக் குடுத்தது?" என்று ஜாடையில் கேட்டார். எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

திரும்பும்போது மேனேஜர் அவனைக் கூடையில் போட விடவில்லை. அவளுக்குக் கை வலித்தது. இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தோம். இரண்டாவது இடத்தில் அவள் சொன்னாள்:

"சித்தி, யாரோட பாதியும் வேணாம். முழுசா ஒரு பேரு வைங்க. கூப்பிட்டா இவன் மட்டும்தான் எந்திரிக்கணும்."

"உன் பேருக்குப் பொருத்தமா இருக்க வேணாமா?"

"கூப்பிட்டுப் பாத்தா தெரிஞ்சிடும்."

அன்று சாயங்காலம் அவர் வந்ததும் பரீட்சை வைத்தோம். மேனேஜர் தம்பியோடு மாடிப்படிக்குக் கீழே, இரண்டு தளத்துக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டாள். நான் மேலே நின்று முதலில் அவள் பெயரையும், தொடர்ந்து ஒரு பெயரையும் கூப்பிட வேண்டும். அவர் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தார். கீழ் வீட்டு வாசலில் கம்பவுண்டர் அண்ணன் கேட்காமலேயே நடுவராக வந்து நின்றார்.

முதல் ஜோடி. "நடுவுல மூச்சு வாங்கறீங்க!" என்று கீழிருந்து தீர்ப்பு வந்தது.

இரண்டாவது. "வால் இங்க வந்து சேரவே இல்ல!"

"எனக்கு முழுசா வந்து சேர்ந்துதும்மா" என்றார் கம்பவுண்டர் அண்ணன். "தலைவலியோட சேர்ந்து."

எனக்கு ஒரு பெயர் ஞாபகம் வந்தது. லிஃப்ட் பழுது பார்க்கிற ஒரு பெரியவருடையது. இரண்டே அசை. என் பதினோரு வருடத்தில் அதற்கு எழுந்தவர் அவர் ஒருவர்தான். நான் சொல்லி முடிப்பதற்குள் நிமிர்ந்து நிற்பார். அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் வாய்க்கு நன்றாக இருக்கும். யாரிடமும் சொன்னதில்லை. அது என் பெயரும் இல்லை, என் கணவர் பெயரும் இல்லை, எங்கள் இரண்டு வீட்டிலும் யாருடையதும் இல்லை.

அவளுடைய நீளமான பெயரை இழுத்து, அதன் முடிவிலேயே, நிறுத்தாமல், இதைச் சொன்னேன்.

என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவ!" என்றாள் மேனேஜர்.

இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

"வரோம்!"

"யாரு சொன்னது, அவளா, அவனா?" என்றார் என் கணவர். பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்துபோய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, அலமாரி மேலிருந்து படிவத்தை எடுத்தார். நகத்து ஓரங்களில் சிமெண்ட் அப்போதும் இருந்தது. அது எப்போதும் இருக்கும்.

படியில் காலடிச் சத்தம் ஏறி வந்தது. ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று, தலைக்கு ஒரு கையும் அடியில் ஒரு கையுமாக அவள் வந்துகொண்டிருந்தாள். பின்னாலேயே கம்பவுண்டர் அண்ணன், எந்த நேரமும் பிடித்துக்கொள்ளத் தயாராக இரண்டு கைகளையும் நீட்டியபடி.