கடைசி ஆளின் பாத்திரம்

எனக்கு எச்சில் ஆகாது. கட்டின மனைவி வாய் வைத்த டம்ளரில்கூடத் தண்ணீர் குடிக்க மாட்டேன். பல் செட் செய்வது என் தொழில். சபையில் பாதிப் பேருடைய வாய் எனக்கு மனப்பாடம். யாருக்கு ஈறில் சீழ் வைத்திருக்கிறது, யார் கழற்றிய செட்டைக் கழுவாமலே மாட்டிக்கொள்கிறார், எல்லாம் தெரியும். அப்படிப்பட்டவன் தலையில் போய்த் திருவிருந்துப் பாத்திரத்தைக் கட்டினார்கள்.

எங்கள் சபையில் எல்லோருக்கும் ஒரே பாத்திரம். ஆளுக்கொரு குட்டிக் கிண்ணம் வைக்கும் சபைகளை எங்கள் ஆட்கள் ஏளனம் செய்வார்கள். "நாம ஒரே சரீரம். நமக்கு எதுக்குத் தனித்தனிக் கிண்ணம்?" என்பார் செயலாளர். வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு வாய் திராட்சை ரசம் குடிப்பார்கள். பாத்திரம் பிடிக்கிறவன் கடைசியில் தன் பங்காக மிச்சத்தைக் குடித்து முடிக்க வேண்டும். கீழே ஊற்றக் கூடாது. மீசை நனைந்த ரசம், உதட்டுச் சாயம், மிதக்கும் அப்பத் துணுக்கு, அத்தனையும் என் தொண்டை வழியாகத்தான் போகும். ஆறு வருஷமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறேன். இதைப் பக்தி என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். மாட்டேன் என்று சொல்லத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக் கதவு ஜன்னல்களையெல்லாம் செய்த தச்சருக்கு வாயில் புற்றுநோய் வந்தது. கீழ்த்தாடையில் பாதியை எடுத்துவிட்டார்கள். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று மாதமும் வாராவாரம் கண்ணீர் வடித்து ஜெபித்தோம். அவரைத் திரும்ப எங்கள் நடுவில் கொண்டுவரும்படி கர்த்தரைக் கெஞ்சினோம். அவரும் கொண்டுவந்துவிட்டார். அங்கேதான் வம்பு. தச்சரின் வாய் ஒரு பக்கம் மூடவில்லை. எச்சில் நூலாக வழிய வழிய, துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். வாடை வேறு.

அவர் திரும்பி வந்த ஞாயிறன்று திருவிருந்தில் நடந்த கூத்தைப் பார்த்திருக்க வேண்டும். எப்போதும் "நீங்க முதல்ல, நீங்க முதல்ல" என்று குழைகிறவர்கள், தச்சர் எழுந்ததும் பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல முண்டியடித்து அவருக்கு முன்னால் போய் நின்றார்கள். அவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் ஐந்து பேர். மூன்று பேர் உதடு படாமலே குடித்ததாகத் தலையாட்டினார்கள். இரண்டு பேருக்குத் திடீரென்று இருமல் வந்து வெளியே ஓடினார்கள். நான் மட்டும் என்ன யோக்கியம்? மிச்சத்தைப் பின்வாசல் பூந்தொட்டியில் ஊற்றினேன். யாரும் பார்க்கவில்லை.

அந்த வாரமே கமிட்டி கூடியது.

"இனிமே அவருக்கு வீட்டுக்கே போய்க் குடுத்துடலாமே. பாவம், அவருக்கு எதுக்கு சிரமம்?" என்று தேன் ஒழுகப் பேசினார் செயலாளர். போதகர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் வாய் விஷயம் தெரிஞ்சவரு. பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க" என்று என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். சிரமம் தங்களுக்குத்தான் என்று ஒருவராவது ஒப்புக்கொண்டிருந்தால் மதித்திருப்பேன். அத்தனை முகத்திலும் கரிசனம். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பூந்தொட்டியில் ஊற்றிய என்னை நினைத்தும்தான்.

தச்சர் வீட்டில் மகள்தான் கதவைத் திறந்தாள். வாசலிலேயே குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இன்னும் நாலஞ்சு மாசம்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு மாமா. அப்பாவுக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில வேற எதையும் கேக்கல. எல்லாரோடயும் சேர்ந்து வரிசையில நிக்கணும்னு மட்டும் எழுதி எழுதிக் காட்டினாரு."

தச்சர் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், "போன வாரம்... சிந்திட்டேனா?" என்று கேட்டார். பாதிச் சொல் காற்றாகப் போனது.

கமிட்டி சொல்லியனுப்பியது நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றுவிட்டது. "இல்லண்ணே. ஆனா வர்ற வாரம் கடைசியா வாங்களேன். அவசரமில்லாம நிதானமாக் குடிக்கலாம்" என்று பூசி மெழுகினேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு தலையாட்டினார். யார் மனமும் நோகாமல் காரியத்தை முடித்துவிட்டோம் என்று தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கடைசியாகவே வந்தார். அதற்குள் சபை முழுவதும் நிம்மதியாகக் குடித்து முடித்திருந்தது. செயலாளர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்; ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது.

தச்சர் பாத்திரத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இரண்டு விரலால் உதட்டை இழுத்து மூடி, தலையைச் சாய்த்து, மடக்கு மடக்காகக் குடித்தார். நிறுத்துவார் என்று பார்த்தேன், நிறுத்தவில்லை. காலியான பாத்திரத்தை என்னிடம் நீட்டினார்.

"உனக்கு... வேணாம்ப்பா. நானே முடிச்சுட்டேன்."

முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான். பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? அதற்குப் பிறகுதான் உறைத்தது. அவரைக் கடைசியாக வரச் சொன்னது எதற்கென்று அன்றைக்கே அவருக்குப் புரிந்திருக்கிறது. என் அருவருப்பை எனக்காக அவரே விழுங்கிவிட்டார். பாத்திரம் பிடிக்கிறவன் கடைசியில்தான் குடிக்க வேண்டும். நான் இன்னும் குடிக்கவில்லை. அவரை வரிசையிலிருந்து கழற்றிவிடப் பார்த்த சபையில், பந்திக்கு வெளியே நின்றவன் நான் ஒருவன்தான்.

போதகர் ரசப் புட்டியும் வெள்ளைத் துணியுமாக அருகில் வந்தார். "கொஞ்சம் ஊத்தறேன். இருங்க, முதல்ல நல்லாத் துடைச்சிடறேன்" என்று கிசுகிசுத்தார். பாத்திரத்தின் விளிம்பில் எச்சில் பளபளத்தது.

"துடைக்காதீங்க ஐயா. ஊத்துங்க."

"இல்லப்பா, அது வந்து..."

"ஊத்துங்க."

தச்சர் வாய் வைத்த இடத்திலேயே வைத்துக் குடித்தேன். மனம் ஒன்றும் குளிர்ந்துவிடவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டக் குமட்டியது. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு விழுங்கினேன்.

தச்சர் தன் இடத்துக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம். "மடையா" என்றார், அந்த வாயில் அதுவும் பாதிதான் வந்தது. அந்தப் பெஞ்சில் அவரைத் தவிர ஆளே இல்லை. இருந்தும் ஒரு பக்கமாக நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.