போனில் வந்த போடி

பெயருக்குத்தான் மகாராணி. அவள் ஆட்சியெல்லாம் அடுப்படியோடு சரி. போடி ஜமீன் அரண்மனைக்குப் பின்தெருவில் பிறந்து வளர்ந்தவளை, குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருந்த அருள்பாண்டிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்தபின், இந்த ஐந்து வருஷத்தில் ஒருதரம்கூட அவள் மலையிறங்கவில்லை.

கேட்டால், "இந்த எடுப்பு முடியட்டும் புள்ள" என்பான். ஏலக்காய் என்ன நெல்லா, ஒரே அறுப்பில் முடிய? கடைசிச் செடியில் காய் எடுப்பதற்குள் முதல் செடியில் அடுத்த காய் திரண்டு நிற்கும். காய் எடுக்கிறவர்களுக்குச் சோறு பொங்க வேண்டும், காய் உலர்த்தும் அறையில் தீ அணையாமல் பார்க்க வேண்டும். ஜீப்பும் அவனுடையது. அவன் ஏற்றினால்தான் அவள் இறங்க முடியும்.

தோட்டத்து ஓரம் ஒரு பாறை உண்டு. அதில் ஏறி நின்றால் போனில் சிக்னல் கிடைக்கும், கீழே போடியும் முழுசாய்த் தெரியும். இத்தனை சனம் இருக்கிற ஊரில் நம்மை ஒருத்தரும் தேடவில்லையே என்று அங்கே உட்கார்ந்துதான் அழுவாள்.

இன்று காய் விற்கப் போன அருள்பாண்டி அதிசயமாக வீடியோ காலில் வந்தான்.

"இந்தா, உன் ஊரை நல்லாப் பாத்துக்க. எறங்கி வந்துதான் பாக்கணுமாக்கும்?"

அரண்மனை வாசல் வந்தது. அவள் தெரு வந்தது. "வெரசா நடக்காதீக மாமா, அந்தப் பக்கம் திருப்புங்க" என்று பாறைமேல் நின்று குதித்தாள். தெருமுனையில் பூ விற்றுக்கொண்டிருந்த பள்ளித்தோழி செல்லத்தாய், போனுக்குள் முகத்தை நீட்டினாள்.

"யாரு, மகாராணியா? ஏன்டி, எங்களையெல்லாம் ஆகாமப் போச்சா? எம் மக சடங்குக்குக்கூட வரல. மலையே போதும், ஊரு வேணாம்னுட்டியாமே, உன் வீட்டுக்காரரு சொன்னாரு!"

"நானா? அய்யோ, பொய்யிடி செல்லத்தாயி!"

அருள்பாண்டியின் பெருவிரல் குறுக்கே வந்தது. போன் அணைந்துபோனது.

சாயங்காலம் அவன் மல்லிகைப்பூவோடு வந்தான். "செல்லத்தாய் குடுத்துவிட்டா. சிக்னல் போச்சு" என்றான். அவள் வாங்கவில்லை.

"ஊரு வேணாம்னு நான் எப்பச் சொன்னேன்?"

அவன் பூவைத் திண்ணையில் வைத்தான். "எறக்கிவிட்டா நீ ஏறி வரமாட்ட. எனக்குத் தெரியும்" என்றான்.

"எத்தனை பேருகிட்ட இப்படிச் சொன்னீக?"

"யாருன்னு சொல்ல? போறப்பல்லாம் ஊரே கேக்கும், மகாராணி எங்க, மகாராணி எப்ப வருவான்னு. எல்லாருக்கும் அதைத்தான் சொன்னேன்."

ஊரே கேட்டதா! படுபாவி மேல் கோபம் வருவதற்கு முன்னால் அவளுக்குச் சந்தோஷம்தான் முட்டிக்கொண்டு வந்தது. ஒருத்தரும் தேடவில்லை என்றல்லவா இத்தனை நாளும் அழுதாள்.

"இப்பவும் கேக்குறாகளா மாமா?"

அருள்பாண்டி தலையைக் குனிந்துகொண்டான்.

"இப்ப செல்லத்தாய் மட்டுந்தான் கேக்குறா."